மூன்று பேர் உறங்க ஒரு கூடாரம்

கணவன், மனைவி, ஐந்து வயதுக் குழந்தை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ போய் வெட்டவெளியில் ஓர் இரவு தங்க நினைக்கிறது. கார் கிடையாது. பேருந்திலும் ரயிலிலும் போய், இறங்கிய இடத்திலிருந்து நடக்க வேண்டும். முதுகில் தூக்கிச் செல்லும் எடையில், கைக்கு எட்டும் விலையில், மூவரும் நிம்மதியாகத் தூங்க ஏற்ற டென்ட் எது?

இதற்குச் சொல்லப்பட்ட விடைகளுக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆல்ப்ஸ் மலையிலும் இங்கிலாந்துப் புல்வெளியிலும் அமெரிக்கக் காடுகளிலும் பிறந்தவை. குளிரையும் பனிக்காற்றையும் எதிரியாக வைத்து எழுதப்பட்டவை. வைகாசி இரவின் புழுக்கம், மார்கழிப் பனி, ஐப்பசி அடைமழை, தரையில் ஊரும் கட்டுவிரியன் ஆகிய நான்கையும் முன்வைத்து அந்த விடைகளைச் சோதித்தால் எவை நிற்கின்றன, எவை தளர்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிநடைக்குக் கூடாரம் தேவைப்படாத நாடு

விழுப்புரமும் திண்டிவனமும் சேர்ந்த இந்தப் பகுதிதான் சிறுபாணாற்றுப்படையின் நிலம். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் அந்நூலில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். யாழைச் சுமந்து சுற்றத்தோடு நடக்கும் பாணர் குடும்பம் கூரையைச் சுமக்கவில்லை. வழியிலுள்ள பரதவரும் எயினரும் உழவரும் சோறும் இடமும் தருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆற்றுப்படுத்தலே நடக்கிறது. பின்னாளில் அந்தப் பொறுப்பைச் சத்திரமும் சாவடியும் கோயில் மண்டபமும் ஏற்றுக்கொண்டன. இன்றும் மேல்மலையனூரில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் குடும்பங்கள் கோயிலைச் சுற்றிய வெளியில் பாயையோ போர்வையையோ விரித்துப் படுத்துவிடுகின்றன.

கூடாரம் நம் மரபில் வேறு இடத்தில் இருந்தது. முல்லைப்பாட்டு விரிவாகக் காட்டும் பாசறை படையெடுத்துப் போன அரசனுடையது. ஆங்கிலேயர் காலத்தில் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றவர்கள் ஆட்சியரும் வருவாய் அதிகாரிகளும். அதைச் சுமக்க மாட்டுவண்டி இருந்தது, அடித்துக் கட்ட ஆட்கள் இருந்தார்கள். ஆக, கூடாரம் இங்கே படைக்கும் அரசுக்கும் உரிய பொருளாகவே நெடுங்காலம் இருந்திருக்கிறது. சாதாரணக் குடும்பம் தானே சுமந்து தானே கட்டும் கூடாரம் நமக்குப் புதியது. அனுபவம் பாட்டி தாத்தாவிடமிருந்து வராததால், வாங்குபவர் கடை அட்டையில் அச்சிட்ட எண்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

கித்தான் தந்த விடை

முதல் விடை பருத்திக் கித்தான். அதன் தரப்பு வாதம் வலுவானது. பருத்தி நூல் நனைந்ததும் உப்பி, நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது அதே கண்கள் வழியே காற்று போய்வரும். வெப்ப நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணி இல்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. துணியின் இயல்பைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. எடையில்தான் அது தோற்கிறது. ஒரு குடும்பம் படுக்கும் கித்தான் கூடாரம் கட்டைகளோடு சேர்ந்து பதினைந்து இருபது கிலோவைத் தாண்டிவிடும். ஈரத்தோடு மடித்து நான்கு நாள் பரணில் போட்டால் கரும்பூஞ்சை பிடித்துக்கொள்ளும்; கடலோர ஈரக்காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

எடையைக் குறைக்கும் முயற்சியை ஓர் இயக்கமாக மாற்றியவர் லண்டன் தையற்காரரான தாமஸ் ஹைரம் ஹோல்டிங். 1901இல் மிதிவண்டிப் பயணிகளுக்கென்று முகாம் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1908இல் அவர் வெளியிட்ட கையேடு, சொந்த உழைப்பில் சுமந்து செல்பவரை மையமாக வைத்துக் கூடாரத்தைப் பற்றிச் சிந்தித்த தொடக்கக்கால நூல்களுள் ஒன்று. வண்டி இல்லாத குடும்பத்தின் கேள்வி அங்கேதான் முதன்முதலாக மதிக்கப்பட்டது என்று சொல்லலாம். ஆனால் அவர் மனத்தில் இருந்தது தனி ஆள், அல்லது இரண்டு நண்பர்கள். குழந்தை அந்தக் கணக்கில் இல்லை.

வளையும் கம்பிகள்

இன்று கடைகளில் தொங்கும் கவிழ்ந்த கிண்ணம் போன்ற வடிவம் 1970களில் பரவியது. பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கணிதத்தைத் தழுவி நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975இல் கொண்டுவந்த கூடாரம் அதில் ஒரு திருப்பம். ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வளையும் கம்பிகள் துணியைத் தாமே விறைப்பாக நிறுத்தும். முளை அடிக்காமலே நிற்கும் என்பதுதான் இதன் பெரிய வரம்.

நம் நிலத்தில் அந்த வரத்துக்கு மதிப்பு அதிகம். செஞ்சிப் பக்கத்துப் பாறைநிலத்தில் முளை இறங்காது. மரக்காணம் பக்கத்து மணலில் இறங்கும், பிடிக்காது. தானே நிற்கும் கூடாரத்தைப் பாறையில் கற்களோடு கட்டலாம். மணலில், பைகளில் மணலை நிரப்பிப் புதைத்து அவற்றோடு கட்டலாம். காலையில் அப்படியே தூக்கிக் கவிழ்த்து, குழந்தை சிந்திய பிஸ்கட் தூளை உதறிவிடலாம். ஆனால் முளையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆள் இல்லாத வெற்றுக் கூடாரத்தை மாலைக் காற்று உருட்டிக்கொண்டு போய்விடும்.

இதே கூடார வகையின் கிளை சுரங்க வடிவக் கூடாரம். அதே எடையில் கூடுதல் இடம் தரும். ஆனால் இரு முனையிலும் முளை பிடித்தாக வேண்டும் என்பதால் பாறையிலும் மணலிலும் அதன் ஆதாயம் கரைகிறது. வீசினால் தானே விரியும் வகையும் உண்டு. கெச்சுவா என்ற பிராண்டு 2005இல் அறிமுகப்படுத்தியதற்குப் பிறகு அது பெரும் புகழ் பெற்றது. விரிப்பது நொடி வேலை. மடித்தால் பெரிய தாம்பாளம் போல வட்டமாக நிற்கும். கார் வைத்திருப்பவருக்கு அது நல்ல பொருள். திருவண்ணாமலைப் பேருந்தின் நெரிசலில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுபவருக்கு அல்ல.

கிண்ண வடிவத்தின் பலவீனம் வடிவத்தில் இல்லை, மலிவுப் பதிப்பின் உறுப்புகளில் இருக்கிறது. விலை குறைந்தவற்றில் ஃபைபர் கம்பிதான் வரும். அது ஒரேயடியாக ஒடிவதில்லை. முதலில் உலோகக் குழல் சேரும் முனையில் நீளவாக்கில் மயிரிழைபோல ஒரு கீறல் தோன்றும். கையை ஓட்டினால் சிம்பு குத்தும். அடுத்த முறை வளைக்கும்போது அங்கேயே பிளந்து, கூர்முனை துணிக்குழாயைக் கிழிக்கும். ஒரு விரல் நீளக் குழாய்த் துண்டும் ஒட்டுநாடாவும் பையில் இருந்தால் அந்த இரவைச் சமாளித்துவிடலாம். அலுமினியக் கம்பி இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்கும், எடையையும் குறைக்கும். விலைதான் ஏறும்.

கூரை மட்டும் போதும் என்பவர்கள்

1992இல் அமெரிக்காவின் ரே ஜார்டின், நெடுநடைப் பயணிகளுக்கான தம் கையேட்டில் கூடாரத்தையே கேள்விக்குள்ளாக்கினார். தரைத்துணி எதற்கு, சுவர் எதற்கு, ஒரு விரிப்பை இழுத்துக் கட்டினால் போதாதா என்பது அவர் தரப்பு. எடை குறையும், காற்று வரும், காசு மிச்சம். அவரைப் பின்பற்றியவர்கள் கைத்தடியைத் தூணாக வைக்கும் மெல்லிய கூடாரங்கள் வரை போனார்கள்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துப் பட்டி போட்டு ஊர் மாறும் குடும்பங்களும், சூளை வேலைக்குப் பெயரும் இருளர் குடும்பங்களும், நரிக்குறவர்களும் தார்ப்பாயின் கீழ் நெடுங்காலமாக உறங்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் அதை விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர். வேறு கூரை கிடைக்காதவர்கள். எனவே அந்த வாழ்வை எளிமையின் அழகு என்று காட்டிப் பொழுதுபோக்குக்கு முன்மாதிரியாக்குவது நியாயமாகாது. ஆனால் எந்தப் பக்கம் தாழ்த்திக் கட்டுவது, எங்கே வாய்க்கால் கீறுவது என்ற அவர்களுடைய அறிவு எந்த முகாம் கையேட்டுக்கும் குறைந்ததல்ல.

எடையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கடைத்தெருவில் வாங்கும் 12க்கு 15 அடித் தார்ப்பாய், சதுர மீட்டருக்கு 120 கிராம் தரத்தில் சுமார் இரண்டு கிலோ. 200 கிராம் தரத்தில் மூன்று கிலோவைத் தாண்டும். அதாவது மலிவான கிண்ணக் கூடாரத்தின் எடைக்கு அருகில் வந்துவிடுகிறது. ஜார்டின் சொன்ன இலேசு மெல்லிய நைலான் விரிப்புக்குப் பொருந்தும், நீலத் தார்ப்பாய்க்கு அல்ல.

இதைவிடப் பெரிய தடை தரை. கட்டுவிரியன் இரவில் இயங்கும் பாம்பு. தரையில் படுத்து உறங்குபவர்களே அதன் கடிக்கு அதிகம் ஆளாகிறார்கள் என்பது தெற்காசிய மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாகத் தெரியாததால் காலைவரை ஒன்றும் புரியாமல் போவதுண்டு. தென்கிழக்கு நேபாளத்தில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்று, கொசுவலைக்குள் உறங்குவது பாம்புக்கடியிலிருந்து பாதுகாப்புத் தருவதாகக் கண்டது. வலையைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகிவிட்டால் அதுவே ஒரு வேலி. தரையும் சுவரும் ஒன்றாகத் தைத்து, ஜிப் வைத்து மூடும் கூடாரம் அந்த வேலியை இன்னும் உறுதியாக்குகிறது. குழந்தையோடு போகும் குடும்பம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வெறும் கூரை என்ற விடையை ஒதுக்கிவைக்கலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தார்ப்பாயோடு, அடித்தரை தைத்த மடக்குக் கொசுவலையைச் சேர்த்துக்கொள்வது இடைப்பட்ட வழி. மழையில்லாத மாசி, பங்குனி இரவுகளுக்கு அது மிக நன்றாகப் பொருந்தும். பலத்த காற்றோடு சாரல் அடித்தால்தான் தடுமாறும்.

மழையா, மூச்சா?

கடை அட்டையில் 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று அச்சிட்டிருப்பதைப் பலர் மழையளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு. துணியை இறுக்கிப் பிடித்து அதன்மேல் நீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்று இடங்களில் துளி அரும்பும்போது எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமமான அழுத்தம் இருந்ததோ அதுவே அந்த எண். 2000 என்றால் இரண்டு மீட்டர் நீர்த்தூண். சரிவான கூரையில் வழிந்தோடும் மழைக்கு இது தாராளம். தரைத்துணிக்குத்தான் கூடுதல் எண் வேண்டும். ஈரத்தரையில் ஒருவர் முட்டி போட்டு ஊன்றும்போது அந்தச் சிறு இடத்தில் விழும் அழுத்தம் கூரைமேல் ஓடும் நீரைவிடப் பல மடங்கு.

வாங்கியவர்கள் சொல்லும் புகார்களில் முதன்மையானது "ஒழுகுது" என்பதுதான். மழையே பெய்யாத தை மாத விடியலில்கூட இந்தப் புகார் எழுவதைக் கவனிக்க வேண்டும். மூன்று பேர் உறங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் இரவு முழுக்க வெளியேறும் நீர் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை போகலாம். தெளிந்த வானத்தின் கீழ் மேல்துணி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் உட்புறத்தில் நீர் பூக்கும். முதலில் மங்கலான புகை படிந்தது போல இருக்கும். பிறகு முத்து முத்தாகத் திரளும். யாராவது எழுந்து தோளால் இடித்தால் எல்லாம் ஒன்றாகக் கழன்று குழந்தையின் முகத்தில் விழும். ஒழுகுகிறது என்று நினைத்து அடுத்த முறை 4000 மி.மீ. கூடாரம் வாங்கினால் நோய் ஒன்று, மருந்து வேறு. இங்கே குறை காற்றோட்டத்தில் இருக்கிறது.

இதனால்தான் ஒற்றைத் துணிக் கூடாரம், எவ்வளவு மலிவானாலும், நம் பகுதிக்கு ஏற்றதாகத் தெரியவில்லை. உள்துணி பெரும்பாலும் வலையாகவும், மேல்துணி அதிலிருந்து ஒரு கையளவு இடைவெளி விட்டுத் தரைவரை இறங்குவதாகவும் இருப்பது நல்லது. சொட்டும் நீரை உள்வலை ஓரளவு தடுக்கும். வெப்ப இரவில் மேல்துணியைக் கழற்றிவிட்டு வலைக்குள் மட்டும் படுக்கலாம். உறங்கும் பெரியவர் ஒருவரின் உடல் எழுபது எண்பது வாட் வெப்பம் விடுகிறது. பெரியவர் இருவர், குழந்தை ஒன்று என்றால், சிறு அறைக்குள் மூன்று பழைய குண்டு பல்புகளை எரியவிட்டது போல. குளிர்நாட்டுக் கையேடுகள் இந்த வெப்பத்தைக் கூடாரத்துக்குள் சேமிக்கச் சொல்லித்தருகின்றன. நாம் அதை வெளியேற்ற வழி தேட வேண்டும். எதிரெதிரே இரண்டு வாசல் உள்ள கூடாரத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் வீண்போகாது.

புயலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலம் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைப் பார்த்தது. இத்தகைய மழைக்கு எந்தத் துணிக் கூடாரமும் விடை அல்ல. நல்ல டென்ட் வாங்கிவிட்டோம் என்ற துணிச்சலில் எச்சரிக்கை நாளில் வெளியே தங்குவது ஆபத்து. சாதாரண மழையில்கூட இடத்தேர்வு துணியைவிட முக்கியம். ஏரி உள்வாயும் ஓடைப் படுகையும் பகலில் சமமாக, அழகாகத் தெரியும். தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

எடையின் கணக்கில் தண்ணீர்

ஒருவர் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சிரமமின்றிச் சுமக்கலாம் என்பது மலையேறுவோர் பரவலாகச் சொல்லும் வழக்கு. 60 கிலோ, 50 கிலோ உள்ள இருவர் என்றால் மொத்தம் 22 கிலோ. குழந்தை தன் தொப்பியைச் சுமந்தால் பெரிது. களைத்துப்போனால் அதையே தூக்க வேண்டிவரும். இந்த 22 கிலோவுக்குள் வெப்ப நாளில் எட்டு லிட்டர் தண்ணீர் வந்தால் எட்டு கிலோ போயிற்று. மீதி 14. ஊற்று நீர் கிடைக்கும் மலைகளை வைத்து எழுதப்பட்ட எடைப் பட்டியல்கள் இங்கே சறுக்குகின்றன.

ஆனால் வெப்பம் ஒன்றைத் திருப்பியும் தருகிறது. தடித்த உறக்கப்பைகள் வேண்டாம். ஆளுக்கு ஒரு பருத்திப் போர்வை, ஒரு மெல்லிய விரிப்பு போதும். குளிர்நாட்டுக் குடும்பம் படுக்கைக்குச் செலவிடும் நான்கைந்து கிலோ நமக்கு மிச்சம். எனவே மூன்று நான்கு கிலோ எடையுள்ள மலிவுக் கூடாரத்தைத் துணி ஒருவர், கம்பியும் முளையும் மற்றவர் என்று பிரித்துக்கொண்டால் சுமக்க முடியாத பாரம் ஆகாது. இரண்டு கிலோவுக்குள் அடங்கும் விலையுயர்ந்த கூடாரம் தரும் ஆதாயம் உண்மையானதே. ஒரு நாள் நடைக்கு அது அவசியமா என்பது ஐயம்.

அளவைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டியதில்லை. மூவர் கூடாரம் என்று விற்பது பொதுவாக 180 முதல் 195 செ.மீ. அகலம். பெரியவர் இருவருக்கும் ஆளுக்கு 60, குழந்தைக்கு 50 வைத்தால் 170. மூவர் படுக்கலாம், பைகளுக்கு இடமில்லை. அவற்றை வாசலுக்கு வெளியே திண்ணை போல நீளும் மேல்துணிக்கடியில் வைக்க வேண்டும். இரண்டு குழந்தைகள் என்றால் நால்வர் அளவுதான்.

மலிவு என்பது எத்தனை இரவுக்கு

இரட்டைத் துணி, மூவர் அளவு, ஃபைபர் கம்பி கொண்ட கூடாரம் இந்தியச் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. விலையைவிட அது எத்தனை இரவு உழைக்கும் என்பதே சிக்கனத்தை முடிவு செய்யும். ஆண்டுக்கு மூன்று இரவு பயன்படும் பொருள் பயன்பாட்டால் தேய்வதில்லை. பரணில் இருந்தே கெடுகிறது. மலிவுத் துணியின் உட்புறத்தில் பூசப்படும் பாலியூரித்தேன், வெப்பமும் ஈரமும் சேரும்போது மெல்லச் சிதைகிறது. தகரக் கூரைக்கடியில் சில கோடைகள் இருந்தபின் பிரித்துப் பார்த்தால் துணி பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை வரும், பூச்சு செதிலாக உதிரும். சிலிக்கோன் பூச்சுக்கு இந்த நோய் இல்லை, விலை பன்மடங்கு. நிழலில் முழுக்கக் காயவைத்து, உறைக்குள் திணிக்காமல் பழைய பருத்திப் பையில் தளர்வாக வைத்து, வீட்டின் குளிர்ந்த அறையில் வைப்பதே ஏழைக்கேற்ற சிலிக்கோன்.

தரைத்துணியைக் காக்க அடியில் ஒன்றை விரிப்பதும் ஆயுளைக் கூட்டும். பழைய ஃபிளெக்ஸ் பேனரை வெட்டிப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. முள்ளைத் தாங்கும், ஆனால் கனம். நடந்து போகிறவர்களுக்கு மெல்லிய பாலித்தீன் தாள் மேல். எதுவானாலும் கூடாரத்தின் அடிப்பரப்பைவிட ஒரு சாண் சிறிதாக இருக்க வேண்டும்; வெளியே நீண்டால் மழைநீரைப் பிடித்து உள்ளே அனுப்பும்.

முடிவாகாதவை

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், தானே நிற்கும், வலை உள்துணி கொண்ட, இரண்டு வாசல் உள்ள இரட்டைத் துணிக் கூடாரம், மூன்று நான்கு கிலோ எடையில், இந்தக் குடும்பத்துக்கு இப்போதைக்கு நியாயமான விடை என்று தோன்றுகிறது. வறண்ட மாதங்களில் மட்டும் போகிறவர்களுக்குக் கொசுவலையும் மெல்லிய விரிப்பும் அதற்கு இணையாகலாம். வலை மிகுந்த உள்துணி ஜவ்வாது மலையின் மார்கழிக் குளிரில் குழந்தைக்குத் தாங்குமா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. கூடுதல் போர்வை போதும் என்பார்கள் சிலர். பாதித் துணி, பாதி வலை என்ற வகை தேவை என்பார்கள் வேறு சிலர்.

பாலியூரித்தேன் பூச்சு நம் கடலோர ஈரத்தில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதும் திறந்த கேள்விதான். தயாரிப்பாளர்களின் சோதனைகள் ஆய்வுக்கூடத்தில் நடப்பவை. கோலியனூரிலோ வானூரிலோ ஒரு வீட்டுப் பரணில் அல்ல. ஆண்டுக்கு மூன்று இரவுக்காக ஒவ்வொரு வீடும் ஒரு கூடாரம் வாங்கி வைப்பதுதான் வழியா, பள்ளிச் சாரணர் அணியோ ஊர் நூலகமோ சில கூடாரங்களை வாங்கி முறைவைத்துக் கொடுக்க முடியாதா என்பதும் யோசிக்கத்தக்கது. சத்திரங்கள் இருந்த நாட்டில் பொதுக்கூரை புதிய யோசனையல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது இடம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ உயிர்களைப் பறித்தபின் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது; அவை பெரும்பாலும் பகல்நேர நடைக்கானவை. செஞ்சிக்கோட்டை பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். மரக்காணம் அருகே கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் கூடாரம் போட நினைக்கக் கூடாது. எஞ்சுவது தனியார் தோட்டங்களும் கட்டணம் வாங்கும் முகாம்களும். அங்கே பல இடங்களில் கூடாரத்தை அவர்களே தருகிறார்கள். விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைக்கும் ரயில் போகிறது. அவற்றில் எந்தத் திசையில் போய் இறங்கினால் ஒரு குடும்பம் தன் சொந்தக் கூடாரத்தை அனுமதியோடு, அச்சமின்றி விரிக்கலாம் என்பதற்கு ஒரு நம்பகமான பட்டியல் வேண்டும். கம்பி எது, துணி எது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.